ஈரமும் தூரமும்: திருப்பதி வட்டார என்எம்ஆர் கருவிகளுக்கு எந்த வாயு?

வேதியியல் ஆய்வு நடக்கும் ஒரு கல்வி நிறுவனம் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானி, அதாவது என்எம்ஆர் கருவி, வாங்க முடிவெடுத்தால் பேச்செல்லாம் காந்தத்தைச் சுற்றியே இருக்கும். 400 மெகாஹெர்ட்ஸ் போதுமா, 500 வேண்டுமா, மாதிரியை ஏந்தி அளக்கும் புரோப் எது என்று மாதக்கணக்கில் விவாதம் ஓடும். அந்தக் கருவிக்குள் இரவும் பகலும் ஓடவேண்டிய வாயு எங்கிருந்து வரும் என்ற கேள்வி பெரும்பாலும் அறை தயாரான பிறகுதான் எழுகிறது. அதற்குள் குழாய் போகும் வழி, கம்ப்ரசர் வைக்கும் இடம், மின் இணைப்பு எல்லாம் முடிவாகியிருக்கும்.

திருப்பதி, சித்தூர் பக்கம் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் நகருக்குள் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய ஐஐடி, ஐசர் இரண்டின் நிலையான வளாகங்களும் ஏர்ப்பேடு பக்கம். தொழில் வாயுக்களின் பெரிய மையங்களோ சென்னையை ஒட்டியும் பெங்களூரிலும். சென்னை ஏறத்தாழ 140 கிலோமீட்டர், பெங்களூர் 250. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை காற்றை நனைத்துவிடும். குளிர்நாட்டு ஆய்வகத்தை மனத்தில் வைத்து எழுதிய நிறுவல் கையேட்டை அப்படியே பின்பற்றினால் இந்த ஈரமும் இந்தத் தூரமும் கணக்கில் வராமல் போகலாம். இதுவரை சொல்லப்பட்டுவந்த விடைகளை இந்த இரண்டையும் உரைகல்லாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கேள்வி பிறந்த கதை

1945, 46-இல் பர்செல் குழுவும் பிளாக் குழுவும் தனித்தனியே இந்த ஒத்ததிர்வைக் கண்டபோது வாயுவுக்கு வேலையே இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன், ஓடும் திரவங்களில் ஒத்ததிர்வு பற்றிய தம் ஆய்வை 1951-இல் வெளியிட்ட காலத்திலும் அதே நிலைதான். 1954-இல் பிளாக் ஒரு யோசனை சொன்னார்: மாதிரிக் குழாயைச் சுழற்றினால் காந்தப் புலத்தின் மேடுபள்ளங்கள் சராசரியாகிவிடும், கோடுகள் கூர்மையாகும். ஆண்டர்சனும் அர்னால்டும் அதே ஆண்டு அதைச் செய்துகாட்டினார்கள். குழாயைச் சுழற்ற எளிய வழி, சிறு விசிறி போன்ற ஒரு சுழலியின்மேல் காற்றை ஊதுவது. அழுத்தக் காற்று ஆய்வகத்துக்குள் வந்த வழி இதுதான்.

பிறகு வேலைகள் கூடின. மாதிரியின் வெப்பநிலையை நிலையாக வைக்க வாயு வேண்டியிருந்தது. மீக்கடத்துக் காந்தங்கள் 1960-களில் வந்தபின் மாதிரியை மேலிருந்து இறக்கவும் ஏற்றவும் காற்று வேண்டியிருந்தது. மூடியைத் திறந்து குழாயை வைத்தால் ஒரு காற்று மெத்தை அதை ஏந்திக்கொள்ளும். காற்றைக் குறைக்கக் குறைக்கக் குழாய் மெல்ல உள்ளே இறங்கும். மெத்தை இல்லாத நேரத்தில் கைவிட்டால் மெல்லிய கண்ணாடிக் குழாய் நேரே புரோப்புக்குள் விழுந்து உடையும். பல லட்சம் ரூபாய்ப் பொருளைக் காப்பது அந்தக் காற்றுதான். காந்தத்தின் கால்களை அதிர்வின்றி மிதக்கவைப்பதும் காற்றே.

இன்று சாதாரண அளவீடுகளில் குழாயைச் சுழற்றுவது அரிதாகிவிட்டது. ஆனால் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வாயு நிற்பதே இல்லை. கரைசல் மாதிரிகளுக்கு மணிக்கு 300 முதல் 600 லிட்டர் வரை போகும். திண்மப் பொருள்களைச் சாய்கோணத்தில் வேகமாகச் சுழற்றும் அளவீட்டுக்கு மணிக்குச் சில ஆயிரம் லிட்டர் வேண்டும்.

சிலிண்டர்: எளிய தொடக்கம், விரைவில் தீரும்

முதல் விடை நைட்ரஜன் சிலிண்டர். சாம்பல் உடலும் கருப்புக் கழுத்துமாக எந்த வாயு வியாபாரியிடமும் கிடைக்கும். வாயு உலர்ந்தது, எண்ணெய் இல்லாதது. கரண்ட் போனாலும் ஓடும். குறை கணக்கில்தான் இருக்கிறது. வழக்கமான சிலிண்டரில் 7 கன மீட்டர், அதாவது 7000 லிட்டர் வாயு. மணிக்கு 500 லிட்டர் செலவானால் 14 மணி நேரம். மாலை 6 மணிக்கு மாட்டிய சிலிண்டர் காலை 8 மணிக்குத் தீர்ந்துவிடும். ஓயாமல் ஓடும் கருவிக்கு வாரம் 12 சிலிண்டர். ஒவ்வொன்றையும் ரெகுலேட்டர் கழற்றி மாட்டி, கசிவு பார்த்து, சங்கிலி கட்டவேண்டும். காந்தத்தின் சிதறு புலத்துக்குள் இரும்புச் சிலிண்டர் நுழையக் கூடாது என்பதால் அவை அறைக்கு வெளியேதான் நிற்கவேண்டும்.

ஆகவே சிலிண்டரை அன்றாட வாயுவாக வைப்பதற்கு ஆதரவான வாதம் இன்று வலுவற்றது. மாற்று ஏற்பாடாக, அதுவும் அழுத்தம் குறைந்தால் தானே திறந்துகொள்ளும் வால்வோடு இரண்டு சிலிண்டரை நிறுத்தி வைப்பதற்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது.

கம்ப்ரசர்: நீரோடு ஒரு போராட்டம்

இரண்டாவது விடை வெளிக்காற்றையே அழுத்திக் கொடுப்பது. உலகின் மிகப் பல ஆய்வகங்களில் இதுதான் நடைமுறை. திருப்பதியில் இந்த விடையின் வெற்றியும் தோல்வியும் நீரிலேயே இருக்கின்றன.

மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக இருக்கும். மணிக்கு 10 கன மீட்டர் உறிஞ்சும் கம்ப்ரசர் ஒரு நாளில் கிட்டத்தட்ட 6 லிட்டர் நீரைச் சேர்த்து இழுக்கிறது. அரைக் குடம் தண்ணீர். பெரும்பகுதி தொட்டியின் அடியில் தேங்கும். மிச்சம் குழாயோடு கருவியை நோக்கிப் போகும். வடிகால் வால்வு அடைத்துக்கொண்டால் ஒரே வாரத்தில் தொட்டியில் தண்ணீர் குடக்கணக்கில் தேங்கிவிடும்.

இங்கே உலர்த்தி பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. குளிர்சாதன முறையில் காற்றை 3 டிகிரிக்குக் குளிர்த்து நீரைப் பிரிக்கும் டிரையர் போதும் என்பது ஒரு கட்சி. ஈரமுறிஞ்சி மணிகள் நிரப்பிய இரட்டைக் கோபுர டிரையர்தான் வேண்டும் என்பது மற்றது. முதல் கட்சியைப் பலர் நினைப்பதுபோல் எளிதில் தள்ளிவிட முடியாது. 3 டிகிரி என்பது 7 பார் அழுத்தத்தில் உள்ள பனிநிலை, அதாவது நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை. அதே காற்று கருவிக்குள் விரிந்து சாதாரண அழுத்தத்துக்கு வரும்போது பனிநிலை ஏறத்தாழ மைனஸ் 20-க்கு இறங்கிவிடும். 25 டிகிரியில் நாள் முழுதும் கரைசல் மாதிரி அளக்கும் ஆய்வகத்துக்கு இது போதும். மாதிரியை மைனஸ் 40-க்குக் கொண்டுபோகும் நாளில்தான் இந்த வாதம் உடைகிறது. நீர் குளிர்ந்த பாதையில் பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைக்கும். மீண்டும் சூடாக்கும்போது உருகிப் புரோப்பின் சுருளை நனைக்கும். இரட்டைக் கோபுர டிரையர் மைனஸ் 40 பனிநிலையை அழுத்தத்திலேயே தரும். விரிந்தபின் மைனஸ் 55-க்கும் கீழே. அதற்கு விலை உண்டு. மணிகளை மீண்டும் உலர்த்தத் தன் காற்றில் 15 முதல் 20 சதவீதத்தை அது வெளியே விட்டுவிடும். கம்ப்ரசரை அந்த அளவு பெரிதாக வாங்கவேண்டும்.

இந்த வட்டாரத்தில் இரண்டையும் வரிசையாக வைப்பதே சரி என்று எனக்குப் படுகிறது. குளிர்சாதன டிரையர் பெரும்பாரத்தை இறக்கிவிட்டால் மணிகள் நீண்ட நாள் உழைக்கும். மணிகள் மட்டும் இருந்தால் கார்த்திகை மழையில் விரைவில் களைத்துவிடும்.

கோடைக்கு வேறு சிக்கல். புரோப்புக்குள் இருப்பது சூடாக்கும் கம்பி. அதற்குக் குளிர்த்தத் தெரியாது. மாதிரியை 25 டிகிரியில் பிடித்து நிறுத்த வேண்டுமானால் வரும் வாயு அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். மொட்டை மாடித் தகரக் கூரையின்கீழ் கம்ப்ரசர், வெயிலில் ஓடும் குழாய் என்றால் மே மாதத்தில் வாயு அறைக்குள் வரும்போதே அந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம். மாதிரி 5 டிகிரி சூடானால் நீரின் உச்சி ஏறத்தாழ 0.05 பிபிஎம் நகரும். புரதத்தையோ ஹைட்ரஜன் பிணைப்பையோ ஆராயும் மாணவருக்கு அது பெரிய பிழை. குழாயை நிழலில் கொண்டுவருவதும், அறைக்குள் நுழையும் முன் ஒரு குளிர்விப்பான் வைப்பதும் செலவு குறைந்த வேலைகள். கட்டடம் முடிந்தபின் செய்யப் போனால் சுவரை இடிக்கவேண்டும்.

எண்ணெயைப் பற்றி விவாதம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. எண்ணெயில்லாத ஸ்க்ரோல் வகை கம்ப்ரசர்களே இன்று பரிந்துரை. தொட்டியின் அளவைப் பற்றித்தான் பேசுவோர் குறைவு. 500 லிட்டர் தொட்டி 7 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கும்வரை 1000 லிட்டர் வாயு தரும். மணிக்கு 600 லிட்டர் செலவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். மின்வெட்டில் கருவியின் மின்னணுப் பகுதி யுபிஎஸ்ஸில் ஓடும், கம்ப்ரசர் நிற்கும். ஜெனரேட்டர் பிடிக்கும்வரை தாங்குவது அந்தத் தொட்டிதான். கம்ப்ரசர் ஓடி நிற்கும்போது எழும் அழுத்த ஏற்ற இறக்கத்தையும் அதுவே தணிக்கும்.

காற்றா, நைட்ரஜனா?

உலர்ந்த காற்று கையில் இருக்க நைட்ரஜன் எதற்கு? இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றும் ஒரே வலிமை உள்ளவை அல்ல.

அதிக வெப்பத்தில் ஆக்சிஜன் சுருளையும் சூடாக்கியையும் அரிக்கும் என்பது முதலாவது. மாதிரியை 80, 100 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும் ஆய்வகங்கள் இதை மதிக்கவேண்டும். திரவ நைட்ரஜன் வழியாக வாயுவைக் குளிர்த்தினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் திரவமாகிவிடும் என்பது இரண்டாவது. ஆக்சிஜன் மைனஸ் 183-இல் திரவமாகும், நைட்ரஜனோ மைனஸ் 196 வரை தாங்கும். திரவ ஆக்சிஜன் குழாயில் சேர்வது தீயோடு விளையாடுவது. இந்தக் காரணத்துக்கு மறுப்பே இல்லை. மூன்றாவது, ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மை உடையது, ஆகவே மாதிரியைச் சுற்றியுள்ள புலத்தைச் சற்று மாற்றும் என்பது. உண்மைதான். ஆனால் ஒரே வாயுவை எப்போதும் பயன்படுத்தினால் புலத்தை அதற்கேற்பச் சரிசெய்துவிடலாம். தொல்லை வருவது பகலில் காற்று, இரவில் சிலிண்டர் நைட்ரஜன் என்று மாறி மாறி ஓட்டும்போது.

லாரியில் வரும் திரவம்

காந்தத்தின் வெளி உறைக்குத் திரவ நைட்ரஜன் எப்படியும் வேண்டும். பொதுவாக வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை நிரப்புவார்கள். அப்படியிருக்க அதையே ஆவியாக்கி ஓட்டு வாயுவாகவும் பயன்படுத்தலாமே என்பது நெடுநாள் யோசனை. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 695 லிட்டர் வாயுவாகும். 180 லிட்டர் டியூவர் (வெப்பம் புகாத கலம்) ஒன்று 18 சிலிண்டருக்குச் சமம். வாயு மிக உலர்ந்தது, தூய்மையானது.

காந்தத்திலிருந்து தானே ஆவியாகி வீணாகும் நைட்ரஜனைப் பிடிக்க முடியாதா என்றும் சிலர் கேட்பார்கள். மணிக்கு 200 மில்லிலிட்டர் திரவம் ஆவியானால் 140 லிட்டர் வாயு கிடைக்கும். தேவையில் பாதிக்கும் குறைவு. அழுத்தமும் இல்லை, காந்தத்தின் வாயை அடைத்து அழுத்தம் ஏற்றுவது செய்யவே கூடாத காரியம்.

இந்த மாவட்டங்களுக்குத் திரவ நைட்ரஜன் புதிதல்ல. ஆந்திரத்தின் கோபாலமித்ராக்கள் சிறிய திரவ நைட்ரஜன் கேனில் உறைவிந்துக் குழல்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மாட்டுக் கொட்டில்களுக்குப் போகிறார்கள். கால்நடைத் துறையின் இந்த வழக்கமான வழங்கல் ஆய்வகத்துக்குப் பாடம் தரக்கூடியது: எந்த நாளில் எவ்வளவு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் மட்டுமே திரவத்தை நம்பலாம்.

நம்பிக்கை உடைந்த இரவையும் திருப்பதி பார்த்திருக்கிறது. 2021 மே 10 அன்று ருயா அரசு மருத்துவமனையில், தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய திரவ ஆக்சிஜன் லாரி தாமதமாகி அழுத்தம் குறைந்ததில் 11 கொரோனா நோயாளிகள் உயிரிழந்ததாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆய்வகக் கருவி நிற்பதை அந்த இழப்புக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் வாயு எதுவானாலும் சாலை அதே சாலை. அதே ஆண்டு நவம்பரில் நகரையே முடக்கிய வெள்ளமும் வந்தது. லாரியை மட்டும் நம்பும் எந்த ஏற்பாடும் எத்தனை நாள் கையிருப்பு என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாகவேண்டும்.

ஆலையை வளாகத்துக்குள் கொண்டுவருதல்

நான்காவது விடை நைட்ரஜன் ஜெனரேட்டர். அழுத்தக் காற்றைக் கரி மூலக்கூறுச் சல்லடை வழியே செலுத்தினால் ஆக்சிஜன் முதலில் ஒட்டிக்கொள்ளும், நைட்ரஜன் வெளியேறும். ஒரு பங்கு நைட்ரஜனுக்குத் தூய்மையைப் பொறுத்து ஏறத்தாழ இரண்டரை முதல் நான்கு பங்கு காற்று வேண்டும். 99 சதவீதத் தூய்மையே என்எம்ஆர் ஓட்டத்துக்குத் தாராளம். 99.99 கேட்டு விலைப்புள்ளி வாங்குவது மின்சாரத்தை வீணாக்கும் வேலை.

இதன் பலம், தூரத்தை ஒரே வீச்சில் ஒழித்துவிடுவது. பலவீனம், கம்ப்ரசரின் எல்லாக் குறைகளும் இதற்கும் சொந்தம். ஈரமும் எண்ணெயும் சல்லடையைக் கெடுக்கும். மின்சாரம் போனால் ஆலையும் போகும். பெருந்தொற்றுக்குப் பின் மருத்துவமனைகளில் இதே தத்துவத்தில் ஆக்சிஜன் ஆலைகள் ஏராளமாக வைக்கப்பட்டன. அவற்றில் பராமரிப்பின்றி நின்றுபோனவை பற்றிய செய்திகளும் நாடெங்கும் வந்தன. பில்டர் மாற்றவும் பனிநிலையைக் குறித்துவைக்கவும் ஒருவர் பெயர் போட்டு நியமிக்கப்படாத இடத்தில் இந்த விடை இரண்டாம் ஆண்டிலேயே தோற்கக்கூடும்.

ஹீலியம்: இங்கே செய்யவே முடியாதது

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூருக்கு வந்தார். மதராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். அன்று நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தினது அல்ல என்பது பின்னர் உறுதியாகி ஹீலியம் என்ற பெயர் பிறந்தது. 1895-இல் ராம்சே அதைப் பூமியிலும் கண்டார். ஆந்திரக் கரையில் முதலில் கண்ணில் பட்ட தனிமம் இன்று ஆந்திர ஆய்வகத்துக்குக் கப்பலேறி வருகிறது.

காந்தச் சுருள் 4.2 கெல்வினில் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கவேண்டும். 400 மெகாஹெர்ட்ஸ் காந்தம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 100 லிட்டர் திரவத்தை ஆவியாக்கும். நிரப்பும்போதும் வழியிலும் போவது தனி. இந்தியா தன் தேவையை ஏறத்தாழ முழுவதும் இறக்குமதியால் நிறைவுசெய்கிறது. 2017-இல் கத்தார் மீதான தடையும், 2022 வாக்கில் உலகளவில் ஏற்பட்ட தட்டுப்பாடும் ஆய்வகங்களைப் பதறவைத்தன. உள்நாட்டில் தேடல் இல்லாமல் இல்லை. மேற்கு வங்கத்தின் பக்ரேஸ்வர் வெந்நீர் ஊற்று வாயுவில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் ஹீலியம் உண்டு. மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்தில் ஓஎன்ஜிசியின் இயற்கை வாயுவில் 0.06 சதவீத அளவு இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் சோதனை ஆலையை அணுசக்தித் துறையின் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையம் அங்கே அமைத்தது. இரண்டும் அறிவியல் வெற்றிகள். சந்தைக்கு வரும் அளவு அவற்றில் இல்லை.

ஆக, ஆய்வகத்தின் முன் உள்ள வழிகள் குறைவு. வாங்கி ஆவியாகவிடுவது பழைய வழி. ஒற்றைக் காந்தம் உள்ள இடத்தில் இன்றும் அதுதான் மலிவாகத் தெரியும். ஆவியைப் பையில் பிடித்து, சிலிண்டரில் அழுத்தி, திரவமாக்கும் ஆலை உள்ள இடத்துக்கு அனுப்புவது இரண்டாவது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் போன்ற பெரிய இடங்களில் மீட்பும் திரவமாக்கலும் பழகிய வேலை. 100 லிட்டர் திரவம் 75 கன மீட்டர் வாயு, அதாவது ஆண்டுக்கு 11 சிலிண்டர். ஒரு காந்தத்துக்கு இது சிறு அளவு; நான்கு காந்தம் என்றால் கணக்கு மாறும். குழாய் இணைப்பில் காற்று கலந்துவிட்டால் தூய்மை கெட்டு உழைப்பு வீணாகும் என்பதையும் மறக்கக் கூடாது. மூன்றாவது வழி ஹீலியமே வேண்டாம் என்பது. 60 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நிலைக்காந்த மேசைக் கருவிகள் இளநிலைப் பாடத்துக்கும், வினை எவ்வளவு தூரம் நடந்தது என்று பார்க்கவும் நன்றாகப் போதும். சிக்கலான இயற்கைப் பொருளின் அமைப்பைத் தீர்க்க அவை போதா. ஆனால் பெரிய கருவியின் வரிசையில் நிற்கும் மாதிரிகளில் பலவற்றை அங்கேயே முடித்துவிட முடியும் என்பதை நம் கல்லூரிகள் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவேண்டும்.

இங்கே ஒரு பாதுகாப்புக் கணக்கு. 5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை 90 கன மீட்டர். அதில் 10 லிட்டர் திரவ நைட்ரஜன் சிந்தி ஆவியானால் 7 கன மீட்டர் காற்று வெளியே தள்ளப்படும். ஆக்சிஜன் 21-லிருந்து 19.5 சதவீத எச்சரிக்கை வரம்புக்குக் கீழே போய்விடும். காந்தம் திடீரென மீக்கடத்தலை இழந்து குவென்ச் ஆனால் வெளியேறும் ஹீலியம் இதைவிடப் பல மடங்கு. எந்த வாயுவைத் தேர்ந்தாலும் ஆக்சிஜன் அளவியும் வெளிப்போக்கிக் குழாயும் பேரத்துக்கு உரியவை அல்ல.

இன்னும் தீராதவை

ஓட்டு வாயுவைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்துக்கு எண்ணெயில்லாத கம்ப்ரசர், இரட்டை உலர்த்தல், பெரிய தொட்டி, காத்துநிற்கும் சிலிண்டர் என்ற சேர்க்கை வலுவாகத் தெரிகிறது. அதன்மேல் நைட்ரஜன் ஜெனரேட்டர் வேண்டுமா என்பது மாதிரிகளின் வெப்ப எல்லையைப் பொறுத்தது. சூடான, மிகக் குளிர்ந்த அளவீடுகள் மாதத்தில் இரண்டு நாள்தான் என்றால் அந்த நாள்களுக்கு டியூவர் போதும். திண்மச் சுழற்சி தொடங்கினால் எல்லாக் கணக்கையும் மறுபடி போடவேண்டும்.

பனிநிலையை மழைக்காலம், கோடை இரண்டிலும் ஒரு முழு ஆண்டு பதிந்துவைத்தால் உலர்த்தி பற்றிய விவாதத்தில் பாதி அடங்கிவிடும். அதற்கு ஆகும் செலவு ஓர் உணரியின் விலைதான். கருவி வாங்கும் நிதி ஒருமுறை வருகிறது, வாயுவுக்கும் பில்டருக்கும் ஆகும் செலவு ஆண்டுதோறும் வருகிறது. திட்ட நிதி முடிந்தபின் இதை யார் ஏற்பது என்பதில் நிறுவனங்களிடையே ஒரே வழக்கம் இல்லை. ஹீலியம் மீட்பை ஏர்ப்பேட்டின் இரண்டு வளாகங்களும் திருப்பதி நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரே பையில், ஒரே கம்ப்ரசரில் நடத்தினால் எத்தனை காந்தங்களுக்குப் பிறகு கட்டுபடியாகும்? பெங்களூருக்குச் சிலிண்டர் அனுப்பித் திரவமாகத் திரும்பப் பெறும் போக்குவரத்துச் செலவையும், வழியில் ஆவியாகும் பங்கையும் சேர்த்து யாராவது உட்கார்ந்து போடவேண்டிய கணக்கு அது.